தாத்தா பேசின 40 வினாடி: டிவியைப் பதிவு பண்ணி வச்ச கதை

இன்னைக்கு ஒரு பெட்டியோட கதை. பள்ளிக்கரணையில எங்க வீட்டு ஹால்ல, டிவிக்குக் கீழ, கருப்பா ஒரு பெட்டி இருந்துச்சு. ரெக்கார்டிங் ஓடும்போது முன்னாடி ஒரு சின்ன சிவப்பு விளக்கு எரியும். அந்த விளக்கு எரிஞ்சா யாரும் பெட்டி பக்கத்துல போகக்கூடாது. அது அப்பா போட்ட சட்டம்.

உங்கள்ல பாதிப் பேருக்கு "டிவி நிகழ்ச்சியை ரெக்கார்டு பண்றது"ங்கிறதே புரியாம இருக்கலாம். இப்ப எல்லாம் ஆப்ல இருக்கு, எப்ப வேணும்னாலும் பார்க்கலாம். ஆனா நடுவுல ஒரு பத்து வருஷம், நகரத்துல பல வீடுகள்ல, எதைப் பதிவு பண்ணணும், எதை அழிக்கணும்னு தினமும் பஞ்சாயத்து நடந்துச்சு. அந்தப் பத்து வருஷம் எப்படி வந்துச்சு, அதுல நாம எதை இழந்தோம்னு பேசத்தான் இந்த எபிசோட்.

நேரம் அவங்களோடது

முதல்ல கொஞ்சம் பின்னாடி போவோம். சென்னையில தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15 அன்று. அப்புறம் பல வருஷம் ஒரே சேனல்தான். வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ போட்டா தெருவே டிவி இருக்கிற வீட்டுக்குள்ள இருக்கும். 1987 ஜனவரி 25 அன்று ராமாயணம் ஆரம்பிச்சப்புறம் ஞாயிற்றுக்கிழமை காலையும் அப்படித்தான் ஆச்சு. நேரத்தை முடிவு பண்றது நிலையம். தவறவிட்டா தவறவிட்டதுதான்.

இதை மாத்த முடியும்னு முதல்ல காட்டினது வீடியோ டெக். சோனி கம்பெனியோட பீட்டாமேக்ஸ் 1975-ல வந்துச்சு, ஜேவிசியோட வி.எச்.எஸ். 1976-ல. இதுல ஒரு டைமர் இருக்கும். இத்தனை மணிக்கு, இந்தச் சேனல், இவ்வளவு நேரம்னு வச்சிட்டுத் தூங்கப் போகலாம். அமெரிக்காவுல ஹாலிவுட் கம்பெனிகள் இதைத் திருட்டுன்னு சொல்லி வழக்கு போட்டாங்க. 1984 ஜனவரி 17 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. இலவசமா ஒளிபரப்பாகிற நிகழ்ச்சியை வீட்ல பதிவு பண்ணி அப்புறமா பார்க்கிறது குற்றம் இல்லைன்னு 5 நீதிபதிகள் ஒரு பக்கம், 4 பேர் எதிர்ப்பக்கம். ஒரே ஒரு ஓட்டுல தப்பிச்ச உரிமை அது.

ஆனா உரிமை கிடைச்சாலும் டைமர் வைக்கத் தெரியணுமே. டெக்ல மணியைச் சரி பண்ணத் தெரியாம, 12:00, 12:00னு கண் சிமிட்டிக்கிட்டே இருந்த வீடுகள் உலகம் பூரா உண்டு. 1990-ல ஜெம்ஸ்டார்னு ஒரு கம்பெனி இதுக்கு வழி கண்டுபிடிச்சுது. பத்திரிகையில டிவி நிகழ்ச்சிப் பட்டியல் போடுவாங்க இல்லையா, அதுல ஒவ்வொரு நிகழ்ச்சி பக்கத்துலயும் ஒரு எண் அச்சடிச்சாங்க. அந்த எண்ணை மட்டும் அழுத்தினா போதும், தேதி, நேரம், சேனல் எல்லாம் தானா பதிவாகும்.

நம்ம ஊர்ல டெக்கோட வேலையே வேற. 1982 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியோட கலர் டிவி வந்துச்சு, அதோட டெக்கும் பரவ ஆரம்பிச்சுது. இங்க அதை வாடகைக்கு எடுத்து, கூடவே நாலு கேசட்டும் எடுத்து, ராத்திரி பூரா படம் பார்ப்பாங்க. அப்புறம் கல்யாண வீடியோ போட்டுப் பார்க்க. டைமர் வச்சுப் பதிவு பண்ணின வீடு ரொம்பக் குறைவு. ஒரே சேனல் இருக்கும்போது எதுக்கு டைமர்?

பெட்டி வீட்டுக்குள்ள வந்த வழி

1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி வந்தது. கொஞ்ச வருஷத்துல கேபிள்ல ஐம்பது அறுபது சேனல். ஒரே நேரத்துல ரெண்டு சேனல்ல ரெண்டு பேருக்குப் பிடிச்சது ஓடும். சண்டை அங்கதான் ஆரம்பம்.

2003 செப்டம்பர் 1 அன்று ஒரு விஷயம் நடந்தது. கட்டணச் சேனல் பார்க்கணும்னா செட் டாப் பாக்ஸ் வாங்கியாகணும்ங்கிற முறையை, காஸ்னு சொல்வாங்க, சென்னையில நடைமுறைப்படுத்தினாங்க. அப்போ டெல்லி, மும்பை, கொல்கத்தாவுல அது நின்னு போச்சு, சென்னையில மட்டும் ஓடுச்சு. ஆனா நிறைய பேர் பெட்டி வாங்கவே இல்ல. இலவசமா வர்ற தமிழ்ச் சேனலே போதும்னு இருந்துட்டாங்க. பெட்டின்னாலே செலவுங்கிற பேச்சு அப்போ வந்ததுதான்.

அப்புறம் மொட்டை மாடிக்கு டிஷ் வந்துச்சு. 2006-ல டாடா ஸ்கை, 2008-ல சன் டைரக்ட்டும் ஏர்டெல்லும். 2008 அக்டோபர்ல டாடா ஸ்கை, ஹார்ட் டிஸ்க் வச்ச ரெக்கார்டர் பெட்டியை விற்க ஆரம்பிச்சுது. மத்த கம்பெனிகளும் பின்னாடியே வந்தாங்க. அமெரிக்காவுல டிவோன்னு இதே மாதிரி பெட்டி 1999-லயே கடைக்கு வந்திருந்தது. நமக்கு வர ஒன்பது வருஷம் ஆச்சு.

கேசட் இல்ல. ரிவைண்ட் பண்ண வேண்டாம். டிவி கைடுல நிகழ்ச்சி பேர் மேல நின்னு சிவப்பு பட்டனை அழுத்தினா முடிஞ்சது. "இந்தத் தொடரைப் பூரா பதிவு பண்ணு"ன்னும் சொல்லலாம். எங்க வீட்டுக்கு 2011-ல வந்துச்சு, எந்தக் கம்பெனின்னு கேட்காதீங்க. பள்ளிக்கரணை சென்னை மாநகராட்சியில சேர்ந்ததும் அதே வருஷம்தான். "மாநகராட்சி வந்துச்சு, ரெக்கார்டரும் வந்துச்சு, தண்ணி மட்டும் இன்னும் லாரியில"ன்னு தாத்தா சொல்வார்.

அப்பாவோட நோட்டு

சிவப்பு பட்டனை அழுத்தினா முடிஞ்சதுன்னு சொன்னேன். முடியல.

முதல் பிரச்சினை, டியூனர். எங்க பெட்டிக்குள்ள ரெண்டு டியூனர், அதாவது சிக்னலைப் பிடிக்கிற உறுப்பு ரெண்டு. அதனால ஒரே நேரத்துல ரெண்டு சேனல்தான் பதிவாகும். மூணாவது வேணும்னா எதையாவது விடணும். ராத்திரி எட்டரைக்குப் பாட்டி சீரியல், தம்பிக்கு மேட்ச், அப்பாவுக்குச் செய்தி விவாதம். திரையில "மோதல்"னு ஒரு கட்டம் வரும், எதை ரத்து செய்யணும்னு கேட்கும். பெட்டி கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்றது எப்பவும் அப்பா. விட்டுக் கொடுக்கிறதும் பெரும்பாலும் அவர்தான். பாட்டி சீரியலை யாரும் தொட முடியாது. "நேத்து நடந்ததை இன்னைக்குப் பார்த்தா என்ன ருசி? காலையில கோலம் போடும்போதே பக்கத்து வீட்ல கதையைச் சொல்லிடுவாங்க"ன்னு பாட்டி நேர்லதான் பார்ப்பாங்க. ஆனா பதிவும் ஆகணும்.

ரெண்டாவது, நேரம். பெட்டிக்கு நிகழ்ச்சி என்னன்னு தெரியாது, கைடுல போட்ட நேரம்தான் தெரியும். நிகழ்ச்சி பத்து நிமிஷம் தாமதமா ஆரம்பிச்சா கடைசிப் பத்து நிமிஷம் வெட்டுப்படும். அதனால அப்பா எப்பவும் அடுத்த நிகழ்ச்சியையும் சேர்த்துப் பதிவு போடுவார். கிளைமாக்ஸைக் காப்பாத்த அரை மணி நேர விளம்பரத்தைச் சுமக்கணும்.

மூணாவது, கரண்ட். 2012 பிப்ரவரி கடைசியில சென்னைக்கு மின்வெட்டு ஒரு மணி நேரத்துல இருந்து ரெண்டு மணி நேரமாச்சு. வெளி மாவட்டங்கள்ல அதைவிட மோசம். பெட்டிக்கு ஒரு அட்டவணை, மின்வெட்டுக்கு ஒரு அட்டவணை. அப்பா ரெண்டையும் ஒரு பழைய டைரியில பக்கத்துப் பக்கத்துல எழுதி வச்சிருப்பார். அப்புறம் இன்வெர்ட்டர் லைன்ல டிவி பிளக்கையும் சேர்த்தோம். ஃபேனுக்குன்னு வாங்கின இன்வெர்ட்டர் ரெக்கார்டருக்கும் உழைச்சுது.

நாலாவது, மழை. டிஷ்ஷுக்கு வர்ற சிக்னல் ரொம்ப உயர்ந்த அலைவரிசை, கனமழை அதை உறிஞ்சிடும். ஐப்பசி கார்த்திகையில பாதி ரெக்கார்டிங் கட்டம் கட்டமா உடைஞ்ச படமாத்தான் இருக்கும்.

அஞ்சாவது, இடம். ஹார்ட் டிஸ்க் நிறைஞ்சா எங்க பெட்டி பழசைத் தானா அழிக்கும். அழிக்கக் கூடாதுன்னா அதுக்குத் தனியா ஒரு குறி வைக்கணும். அப்பா குறி வச்சது ரொம்பக் கொஞ்சம்தான். அதுல ஒண்ணுதான் இந்தக் கதை.

40 வினாடி

தாத்தா தாம்பரம் ரயில்வே ஷெட்ல வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2013-ல ஒரு டிவி விவாத நிகழ்ச்சிக்கு ஆடியன்ஸா போனார். "வீட்ல முடிவெடுக்கிறது யார்?"ங்கிறது தலைப்பு. தாத்தா கையைத் தூக்கினார், மைக் வந்துச்சு, பேசிட்டார். வீட்டுக்கு வந்து "என்னமோ சொன்னேன், எல்லாரும் சிரிச்சாங்க"ன்னு மட்டும் சொன்னார்.

ஒளிபரப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. அன்னைக்கு எங்க வீட்ல நடந்த ஏற்பாட்டை ராக்கெட் விடுற இடத்துலதான் பார்க்க முடியும். தம்பியோட மேட்ச் ரத்து. முன்னாடி நிகழ்ச்சி, பின்னாடி நிகழ்ச்சி ரெண்டையும் சேர்த்துப் பதிவு. இன்வெர்ட்டர் ஃபுல் சார்ஜ். அத்தை மேடவாக்கத்துல இருந்து கிளம்பி வந்துட்டாங்க. நிகழ்ச்சியில பாதி போனப்புறம் தாத்தா வந்தார். கிட்டத்தட்ட 40 வினாடி. அப்பா அன்னைக்கே குறி வச்சுட்டார்.

அடுத்த வருஷம் தாத்தா தவறிட்டார். அவர் பேசி அசையுற படம்னு எங்ககிட்ட இருந்தது அது ஒண்ணுதான். கல்யாண வீடியோல எல்லாம் அவர் பந்தி பக்கம் நின்னு யாரையோ கூப்பிட்டுக்கிட்டு இருப்பார், குரல் கேட்காது, மேல பாட்டு ஓடும். பாட்டி மாசம் ஒரு தடவை ரிமோட்டை அப்பாகிட்ட நீட்டுவாங்க. எதுன்னு சொல்ல மாட்டாங்க. அப்பாவும் கேட்க மாட்டார்.

2015 டிசம்பர்

பள்ளிக்கரணை பத்தித் தெரியாதவங்களுக்கு ஒரு வரி. தென்சென்னையோட பல ஏரிகள் நிரம்பினா உபரித் தண்ணி கடைசியா வந்து சேர்ற சதுப்பு நிலம் இது. 2022-ல சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலம்னு ராம்சர் பட்டியல்ல சேர்த்தாங்க. நாராயணபுரம் ஏரி வழிஞ்சாலும் தண்ணி சதுப்புக்குத்தான் போகணும். போற வழியில நாங்க வீடு கட்டிக்கிட்டு இருக்கோம்.

டிசம்பர் 1 மழையில, மறுநாள் காலை வரைக்கும் 24 மணி நேரத்துல, தாம்பரத்துல மட்டும் சுமார் 49 சென்டிமீட்டர் பதிவாச்சு. ராத்திரி தண்ணி ஹாலுக்குள்ள வந்துச்சு. நாங்க பாட்டியைத் தூக்கிக்கிட்டு மாடி வீட்டுக்குப் போனோம். பத்திரம், ரேஷன் கார்டு, மாத்திரை, கேஸ் புக் எல்லாம் ஞாபகம் வந்துச்சு. பெட்டி ஞாபகம் வரல. நாலு நாள் கழிச்சு இறங்கினப்போ டிவி ஸ்டாண்டோட கீழ் தட்டு பூரா சேறு.

அப்பா பெட்டியைத் துடைச்சு, வெயில்ல காய வச்சு, ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு எடுத்துட்டுப் போனார். நானும் கூடப் போனேன். அங்க ஒரு அண்ணன் பெட்டியைப் பிரிச்சு, ஹார்ட் டிஸ்க்கைத் தனியா எடுத்து, சுத்தம் பண்ணி, அவரோட கம்ப்யூட்டர்ல மாட்டினார். டிஸ்க் சுத்துற சத்தம் கேட்டுச்சு. அப்பா முகத்தைப் பார்க்கணுமே.

"டிஸ்க் உயிரோடதான் சார் இருக்கு"ன்னார் அவர். அடுத்து கம்ப்யூட்டர் கேட்டுச்சு: இந்த டிஸ்க்கை ஃபார்மேட் செய்யவா?

அதுக்கு அதுல இருந்தது எதுவுமே புரியல. "உள்ள இருக்கு சார். ஆனா அந்தப் பெட்டிதான் படிக்கும். அந்தப் பெட்டி போயிடுச்சு. புதுப் பெட்டி வாங்கி இதை மாட்டினாலும் அதுவும் அழிச்சிட்டுத்தான் ஆரம்பிக்கும்"ன்னார். அப்பா எவ்வளவுன்னு கேட்டார். அவர் காசு வாங்கல.

பூட்டு யாரோடது?

இங்க என்ன நடந்துச்சுன்னு புரிஞ்சுக்கலாம். டிடிஎச் சிக்னல் பூட்டின நிலையிலதான் வானத்துல இருந்து வருது. பெட்டியில இருக்கிற கார்டு அதைத் திறக்குது. ரெக்கார்டு ஆகும்போதும் டிஸ்க்ல பூட்டியேதான் எழுதும். சாவி அந்தக் குறிப்பிட்ட பெட்டியோடயும் கார்டோடயும் கட்டிப் போட்டது. வெளியே காப்பி எடுக்க வழி கிடையாது. பல சேவைகள்ல மாசக் கட்டணம் கட்டாம விட்டாலே, நீங்க முன்னாடி பதிவு பண்ணி வச்சதும் ஓடாது.

சட்டம் என்ன சொல்லுது? 1957-ஆம் ஆண்டு இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, ஒளிபரப்பைத் தன் சொந்த உபயோகத்துக்காக ஒருவர் பதிவு செய்துகொள்வது ஒளிபரப்பாளரின் உரிமையை மீறுவதாகாது என்கிறது. ஆக, எங்க அப்பா பண்ணினதுல தப்பே இல்ல. 2012-ல சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோட டிஜிட்டல் பூட்டை உடைச்சா 2 ஆண்டு வரை சிறைன்னு சொல்லுது. தாத்தாவைப் பார்க்கிறது உரிமை மீறல் இல்லைன்னு நாம வாதாடலாம். ஆனா சாவியைக் கொடுக்கணும்னு எந்தப் பிரிவும் யாரையும் கட்டாயப்படுத்தல. உரிமை நமக்கு, சாவி அவங்களுக்கு.

எங்க வீட்டு லாஃப்ட்ல 1990-கள்ல எடுத்த வி.எச்.எஸ். கேசட் இருக்கு. மேல இருந்ததால வெள்ளத்துல தப்பிச்சுது. பூஞ்சை பிடிச்சிருந்துச்சு. சுத்தம் பண்ணிக் கொடுத்தாங்க, எவனோ ஒருத்தனோட டெக்ல ஓடுச்சு. பாயிண்ட் அதுதான்: *எவனோ ஒருத்தனோட* டெக்ல. கேசட்டுக்கு நான் யாருன்னு தெரியாது, தெரியவும் வேண்டாம்.

இது நம்ம வீட்டுக் கதை மட்டும் இல்ல. பிபிசி 1960-கள்ல எடுத்த ‘டாக்டர் ஹூ’ தொடரோட பல டேப்புகளைப் பின்னாடி அவங்களே அழிச்சாங்க, டேப் விலை அதிகம், திரும்பப் பயன்படுத்தலாம்னு. 90-க்கும் மேல எபிசோடுகளோட படம் இன்னைக்கும் கிடைக்கல. ஆனா அத்தனை எபிசோடோட ஒலியும் இருக்கு. எப்படி? டிவியில ஓடும்போதே வீட்ல டேப் ரெக்கார்டர் வச்சுப் பதிவு பண்ணின ரசிகர்களால.

அமெரிக்காவுல ஃபிலடெல்ஃபியாவுல மரியன் ஸ்டோக்ஸ்னு ஒரு பெண்மணி. 1970-கள் கடைசியில இருந்து 2012 டிசம்பர்ல இறக்கும் வரைக்கும், டிவி செய்திகளை இரவு பகலா டெக்ல பதிவு பண்ணிக்கிட்டே இருந்தாங்க. ஒரே நேரத்துல பல டெக் ஓடும், கேசட் மாத்துற நேரத்துக்கு ஏத்த மாதிரிதான் அந்தக் குடும்பத்தோட நாளே நடக்கும். சுமார் 70,000 கேசட். இப்ப அது இன்டர்நெட் ஆர்கைவ்கிட்ட இருக்கு. அவங்க கையில இருந்தது எங்களோட மாதிரி பெட்டியா இருந்திருந்தா? சந்தா நின்ன அன்னைக்கே எல்லாம் முடிஞ்சிருக்கும்.

மிச்சம்

நாங்க அந்தச் சேனலுக்கு ரெண்டு தடவை எழுதினோம், பதில் வரல. யூடியூப்ல தேடினோம், அந்த வருஷத்து எபிசோடுகள் சிலது இருக்கு, இது இல்ல. ரெக்கார்டர் பெட்டிகளும் மெல்ல வழக்கொழிஞ்சு போச்சு. இப்ப எல்லாரும் ஆப்ல பார்க்கிறோம். அங்க "சேவ்" பண்றோம், "டவுன்லோட்" பண்றோம், ஒரு நாள் உரிமம் முடிஞ்சதும் அது மறைஞ்சு போகுது. எங்க பெட்டியாவது ஹால்ல இருந்துச்சு.

அப்புறம் 2017-ல அத்தை ஃபோன் மாத்தினாங்க. பழைய ஃபோன்ல இருந்து படங்களை எடுத்துத் தரச் சொன்னாங்க. நான் எடுத்துக்கிட்டே இருக்கும்போது ஒரு வீடியோ. எங்க ஹால். ஆடுது. டிவி ஸ்க்ரீன் நீலமா வெளிறிப் போயிருக்கு. ஃபேன் சத்தம், பாட்டி "சும்மா இருங்கடி"ன்னு அதட்டுற சத்தம். ஸ்க்ரீன்ல தாத்தா. அத்தை அன்னைக்கு ஒரு கையில ஃபோனைப் பிடிச்சிருக்காங்க, நாங்க யாரும் கவனிக்கல.

11 வினாடி. "எங்க வீட்ல முடிவு அவ எடுப்பா, கையெழுத்து மட்டும் நான் போடுவேன்"னு தாத்தா சொல்றார். அரங்கம் சிரிக்குது. எங்க ஹாலும் சிரிக்குது. அவர் அடுத்த வாக்கியம் ஆரம்பிக்கிறார், வீடியோ முடிஞ்சுடுது.

அந்த ஃபைலை அன்னைக்கே குடும்பம் பூரா அனுப்பிட்டேன். துபாய்ல இருக்கிற சித்தப்பா ஃபோன்ல ஒண்ணு, தம்பி லேப்டாப்ல ஒண்ணு, என் பென் டிரைவ்ல ஒண்ணு. இனி வெள்ளம் வந்தா எத்தனை வீட்டுக்குள்ள வரும்?

அதனால இந்த வாரம் உங்ககிட்ட கேட்கிறது ஒண்ணே ஒண்ணு. உங்க வீட்டுப் பெரியவங்களோட குரல் எந்தப் பூட்டுக்குள்ள இருக்குன்னு பாருங்க. பழைய ஃபோனா, யாரோ ஒருத்தரோட ஆப்பா, ஓடாத பெட்டியா? வெளிய எடுக்க முடிஞ்சா எடுத்து, மூணு பேர்கிட்ட கொடுத்து வைங்க. தரம் முக்கியம் இல்ல, ஆடினாலும் பரவாயில்ல.

மிச்ச 29 வினாடியில தாத்தா என்ன சொன்னார்னு வீட்ல இன்னும் சண்டை. அப்பா ஒண்ணு சொல்றார், அத்தை ஒண்ணு சொல்றாங்க. பாட்டிகிட்ட கேட்டா, "என்னைப் பத்தித்தான் சொன்னார்"ங்கிறாங்க. மறுக்க யார்கிட்டயும் ஆதாரம் இல்ல.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.